விடை முந்திய வினாக்கள்

தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசுவோர் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்க’த்தைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. மறு ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்க’த்தையும் சிலர் குறிப்பிடுவர். பின்னது குருவும் சீடனும் உரையாடும் வினாவிடை நூல். ஆக, நம் மொழி அச்சு இயந்திரத்தோடு உறவு கொண்ட இரண்டாம் ஆண்டிலேயே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது என்று பெருமை கொள்ளலாம். ஆனால், கேட்டவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். வினாவிடை என்ற இந்த நூல்வகையில், கேள்வியை எழுதுபவரே விடையையும் எழுதுகிறார். இன்னும் சரியாகச் சொன்னால், விடையை முதலில் எழுதிவிட்டுத்தான் அதற்கேற்ற கேள்வியைத் தேடுகிறார். ‘மிலிந்த பஞ்ஹ’வில் அரசன் கேட்கிறான், பிக்கு விடையளிக்கிறார். ‘உண்மை விளக்க’த்தில் மாணாக்கன் கேட்கிறான், ஆசான் விளக்குகிறான். அங்கெல்லாம் அறியாதவன் கேட்கிறான். வினாவிடைப் புத்தகத்திலோ அறிந்தவர் கேட்கிறார், அறியாதவன் ஒப்புவிக்கிறான்.

இதை நாம் நினைக்க நேர்ந்தது நாவுலையில்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, கண்டி–யாழ்ப்பாண வீதியில் அமைந்தது நாவுல. தீவின் நடுப்புள்ளி இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று ஊரார் சொல்லிக்கொள்வர். போயா விடுமுறைகளில் நாம் சிலர் இங்கே கூடி வாசிப்பது வழக்கம். ஆசிரியர் மூவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர், தமிழ் படித்த சிங்கள நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கத்தோலிக்க உபதேசியார் ஒருவர். உபதேசியாரையும் ஒரு மாணவரையும் தவிர மற்றையோர் கோயிலுக்கோ விகாரைக்கோ அடிக்கடி போகிறவர்களல்லர். அப்படியிருந்தும், ஓராண்டு முழுவதும் கிறிஸ்தவ தத்துவத்தையும், அச்சமயத்துக்கு எழும் ஆட்சேபங்களுக்கு நியாயங்காட்டி மறுமொழி கூறும் கலையையும் படிப்பதென்று முடிவு செய்தோம். மாத்தளையிலுள்ள தோழர்கள் சிலர் நகைத்தனர். “மார்க்ஸைப் படித்து முடித்துவிட்டீர்களா?” என்று ஒருவர் கேட்டார். முடிக்கவில்லை, அதுவும் ஒரு காரணந்தான்.

மேற்கே இக்கலைக்கு வைத்த கிரேக்கப் பெயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன் சபைமுன் எழுந்து தனக்காகச் சொல்லும் மறுமொழி என்பது அதன் பொருள். நம்மிடம் இதற்குப் பழைய ஏற்பாடொன்று உண்டு. அருணந்தி சிவாசாரியார் ‘சிவஞான சித்தியா’ரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்தார். பிறர் கொள்கையை அவர் சொல்வதுபோலவே முதலில் சொல்லி, பின்னர் மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். பரபக்கம் உலகாயதரிலிருந்து தொடங்குகிறது என்பதை நம்மைப் போன்றவர்கள் சிறிது மகிழ்ச்சியோடு கவனிக்கலாம். எதிரியின் வாதத்தைத் தானே எடுத்துரைக்கவேண்டும் என்ற கட்டாயம் வாதியைக் கொஞ்சமாவது நேர்மையாளனாக்குகிறது.

படிக்கப் படிக்க எமக்குத் துலங்கியது வேறொன்று. இக்கலை ஒன்றாக இருக்கவில்லை, படிக்கட்டுகளாக இருந்தது. எந்தப் படியில் எவன் நிற்கலாம் என்பதை அவனுடைய அறிவு தீர்மானிக்கவில்லை.

1606இல் மதுரைக்கு வந்த ரோபெர்ட்டோ தெ நோபிலி காவியுடுத்தி, உயர்சாதியாரோடு ஆன்மாவைப் பற்றியும் மறுபிறப்பைப் பற்றியும் தருக்கித்தார். மறுபிறப்பை மறுத்துத் தமிழில் நூலே எழுதினார். ஆனால், அச்சபை பின்னர் ‘பண்டாரசாமிகள்’ என்றொரு பிரிவினரைத் தாழ்த்தப்பட்டோர் மத்தியில் பணிபுரிய வேறாக ஏற்படுத்தியது. தருக்கம் ஒரு வாசலாலும் செபம் மறுவாசலாலும் விநியோகிக்கப்பட்டன. தெ நோபிலியின் கல்வியை நாம் மதிக்கிறோம். அவருடைய தமிழ் உரைநடையையும் மதிக்கிறோம். எனினும், ஈரேணி வைத்த வீட்டை ஒரே வீடென்று சொல்ல நா எழவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1823இல் அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினர். கணிதம், வானசாஸ்திரம், தத்துவம், கிறிஸ்தவ சமயத்துக்கான சான்றுகள் எல்லாம் அங்கே பாடங்கள். 1829இல் நேர்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் கணித்ததும் டானியல் பூவர் கணித்ததும் வேறுபட்டன. பூவரின் கணக்கு பலித்தது. கிரகண நேரம் சரியானால் வேதமும் சரியாகும் என்ற அனுமானத்தில் எந்த அளவையியல் ஆசிரியரும் பிழை காண்பார். அந்நாளில் அது வலிய ஆயுதமாயிருந்தது. ஆனால், ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் அதை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்று பயிற்றியவர்கள் அறியவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானோர் இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்களே. அவர்களுள் சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் ஆயுளைச் செலவிட்டார். மற்றவரான கறல் விசுவநாதபிள்ளை, நாவலருக்கு மறுப்பாகச் ‘சுப்பிரதீபம்’ எழுதினார். அதற்கு முன்பே, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் பிரசங்கிகளாகாமல் உத்தியோகத்தர்களானார்கள் என்பது மிஷன் தலைமையின் குறை.

நாவலரின் கதை வாசகர் அறியாததன்று. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் பல்லாண்டு உழைத்து, எதிரியின் நூலை எதிரியினும் நன்கு படித்தவர் அவர். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தபோது, விளக்கையும் தூபத்தையும் பலியையும் அபிஷேகத்தையும் இகழ்ந்தவர்களுக்கு அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே விளக்கும் தூபமும் பலியும் அபிஷேகமும் எடுத்துக் காட்டினார். பரபக்கம் என்றால் அதுதான்.

தெற்கிலும் அவ்வாறே. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த கோகர்லி, பிக்குமாரிடம் பாளி கற்று, 1840களின் இறுதியில் ‘கிறிஸ்தியானி பிரக்ஞப்தி’யை எழுதிப் பௌத்தத்தை மறுத்தார். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் இரண்டு நாள் நடந்த வாதத்தில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அதற்குக் கணக்குத் தீர்த்தார். ஆன்மா இல்லையென்றால் வினைப்பயனை அனுபவிப்பவன் யார் என்று டேவிட் டி சில்வா பாதிரியார் கேட்டார். இது நல்ல கேள்வி. எல்லாம் அறிந்த கடவுள் தான் மனிதனைப் படைத்ததற்காக மனம் வருந்துவதெப்படி என்று தேரர் கேட்டார். இதுவும் நல்ல கேள்வி. எரிச்சல் கொள்ளும் கடவுள் என்று ஆங்கிலத்திலிருப்பதைச் சிங்களத்தில் ஒளிவீசும் கடவுளாக்கிவிட்டார்கள் என்று அவர் சுட்டிக்காட்டியதை எங்கள் சிங்கள நண்பர் சொல்லச் சொல்ல உபதேசியாரே வாய்விட்டுச் சிரித்தார்.

மேடையில் இவ்வளவு பகை. மேடையைவிட்டு இறங்கியதும் என்ன நடந்தது? நாவலர் சைவப் பிள்ளைகளுக்கு ‘சைவ வினாவிடை’ எழுதினார். பாணந்துறை வாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்து 1880இல் இலங்கைக்கு வந்த ஒல்கொட், மறு ஆண்டே ‘பௌத்த வினாவிடை’ வெளியிட்டார். மூன்று சமயங்களும் ஒன்றையொன்று மறுத்தன. ஒன்றிடமிருந்து மற்றவை எடுத்துக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். கோயிலைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் ஒத்துப்போக முடியாதவர்கள், பிள்ளை வாயைத் திறந்தால் என்ன வரவேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

இவ்விடத்தில் இடதுசாரி வாசகர் புன்னகை செய்ய அவசரப்படவேண்டாம். 1847இல் எங்கெல்ஸ் கம்யூனிஸ்டுச் சங்கத்துக்காக எழுதிய ‘கம்யூனிசக் கோட்பாடுகள்’ இருபத்தைந்து வினாக்களும் அவற்றின் விடைகளுமாக அமைந்ததே. அவ்வாண்டு நவம்பரில், இந்த வடிவம் ஒத்துவராது, வரலாற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது என்று அவரே மார்க்ஸுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு பிறந்தது ‘அறிக்கை’. எங்கெல்ஸ் மூன்று நான்கு வாரத்தில் கைவிட்ட வடிவத்தை நம் கட்சி வகுப்புகள் நூறாண்டுக்கு மேலாகியும் கைவிடவில்லை.

இனிக் கீழ்ப்படிக்கு வருவோம். வீதி என்று சொன்னோமல்லவா? தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலித் தொழிலாளர் காட்டுவழி நடந்து, தம்புள்ளையும் நாலந்தாவும் நாவுலையும் கடந்துதான் மாத்தளைக்கும் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கும் போனார்கள். பசியும் வாந்திபேதியும் அம்மையும் அவ்வழியெங்கும் அவர்களைக் கொன்றன. நாலந்தாவிலே பல்லவர் பாணியில் கல்லால் எழுப்பிய கெடிகே என்னும் பழங்கோயில் இருக்கிறது. கட்டடம் திராவிடம், வழிபாடு பௌத்தம். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்காதபடி, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் கட்டினார்கள். நல்ல காரியம். அதே வழியில் விழுந்த மனிதருக்கு ஒரு கல்லும் நாட்டப்பட்டிருப்பதை நாம் இப்பகுதியில் கண்டதில்லை.

1854இல் ஆங்கிலிக்கச் சபையார், தோட்டத் துரைமார் சிலரின் உதவியோடு, ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயரிட்டு ஓர் ஊழியத்தைத் தொடங்கினர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசியார்கள் வந்தனர். கத்தோலிக்கக் குருமாரும் தோட்டங்களை நாடிச் சென்றனர். வட்டுக்கோட்டையில் கிரகணக் கணிதம் நடந்த அதே நூற்றாண்டில், லயத்து வாசலில் நடந்தது மனனம். 1893இல் கண்டி அம்பிட்டியாவில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ குருத்துவக் கல்லூரி நிறுவினார். இந்தியாவிலிருந்தும் மாணவர் வந்து அங்கே அக்குவினாஸ் தோமாவின் தத்துவத்தை இலத்தீனிற் கற்றனர். 1955இல் அக்கல்லூரி பூனாவுக்குப் போயிற்று. இயங்குவதை இயக்குவது எது, காரியத்துக்குக் காரணம் எது என்று படிப்படியாக ஏறி முதற்காரணத்தை எட்டும் தோமாவின் வாதத்தை எமது வட்டத்தில் படித்தபோது, சைவம் கற்ற மாணவர் ஒருவர், “இது சிவஞானபோதத்து முதற்சூத்திரம் அல்லவா?” என்றார். தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு கருத்தா வேண்டும் என்பதே அங்கும் அனுமானம். முழுக்க ஒன்றல்ல, ஆயினும் அண்ணன் தம்பி முகச்சாயல் இருக்கிறது. இத்தனை நுட்பமான கட்டடம் அம்பிட்டியாக் குன்றில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரியும் தோட்டங்களில் கேட்கப்பட்ட கேள்விகள் அதற்குள் ஏறி வரவில்லை.

அப்படிப்பட்ட கேள்வி ஒன்று எம்மிடம் வந்தது. எமது வட்டத்து மாணவிகளுள் ஒருத்தியின் அம்மாயி எண்பதைக் கடந்தவர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தும் பாலும் எடுத்து ஓய்ந்தவர். பேத்தி என்ன படிக்கிறாள் என்று பார்க்க ஒரு போயாவன்று வந்தவர், மூலையில் அமர்ந்து வெற்றிலை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எடுத்துக்கொண்ட பொருள், நல்லவராகிய கடவுளின் உலகில் தீமை ஏன் என்பது. அகுஸ்தீனார் சொன்னதையும் பௌத்தர் சொல்வதையும் ஒருவாறு பேசி முடித்தபோது, அவர் சொன்னார்:

“மாஸ்டர், எங்க அப்பாயி சின்னப்புள்ளயா இந்த றோட்டுல நடந்து வந்தவ. அவ ஆத்தா கையில ஒரு கைப்புள்ள. நாலந்தா தாண்டுறதுக்குள்ள அது செத்துப் போச்சி. வழியிலயே வச்சிட்டு வந்தாங்க. அப்புறந்தான் தோட்டத்துல வேதத்துக்கு வந்தாங்க. ஞானஸ்நானம் இல்லாத புள்ள மோட்சத்துக்குப் போவாதுன்னு அப்ப சொன்னாங்களாம். அப்பாயி சாகுறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. அந்தப் புள்ள எங்க போச்சி? போவலன்னா, அது என்ன குத்தம் செஞ்சிச்சி?”

எமது தோழர் ஒருவர், மோட்சமே இல்லாதபோது இந்தக் கேள்விக்குப் பொருளில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளையைக் கொன்றது விதியன்று. கங்காணியின் முன்பணமும் துண்டுக் கடனும் துரைமாரின் இலாபமும் என்று விளக்கினார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கிழவி பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் தெரியுங்க தம்பி. துண்டக் குடுத்தவனுக்கு யாரு தண்டன குடுத்தா?”

தோழர் பேசவில்லை. உபதேசியாரும் பேசவில்லை. அவர் ஐம்பதாண்டாக அந்த விடையைப் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கக் கற்பித்தவர்.

இது கீழ்ப்படியின் கேள்வி என்று எவரேனும் சொல்வரானால், அவர் திருச்சபையின் வரலாற்றை அறியாதவர். ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைக்கு மிக மெல்லியதாயினும் தண்டனை உண்டென்றார் அகுஸ்தீனார். வேதனையற்ற ‘லிம்போ’ என்னும் இடைநிலையை வைத்து அதைத் தணித்தனர் நடுக்காலத்து அறிஞர். அது விசுவாசப் பிரமாணமாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும், தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. 2007இல் உரோமையின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அக்குழந்தைகள் மீட்படைவர் என்று நம்ப வலிய காரணமுண்டு என ஓர் ஆவணம் வெளியிட்டது. மேற்படியில் ஆண்டுக்கணக்கில் அறிஞர்கள் ஆராய்ந்த கேள்வி, நாலந்தாவின் றோட்டோரத்தில் ஒரு தாய் கேட்ட அதே கேள்விதான்.

நம் நாட்டிலேயே அக்கேள்வியைச் சற்று முன்னதாகக் கேட்ட குரு ஒருவர் இருந்தார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1990இல் ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்ற நூலை வெளியிட்டார். பிறவிப் பாவக் கோட்பாடு, கிறிஸ்தவரல்லாத ஆசிய மக்களைப் பிறந்த நாளிலிருந்தே குற்றவாளிகளாக்குகிறதே என்பது அதில் அவர் எழுப்பிய ஐயங்களுள் ஒன்று. 1997 ஜனவரியில் அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். ஓராண்டின் பின்னர் அத்தண்டனை நீக்கப்பட்டது. நாம் அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்கவேண்டியதில்லை. ஏழைகளின் கேள்வியை மேற்படிக்குத் தூக்கிச் செல்பவனுக்கு அங்கே என்ன நேரும் என்பதை அவர் வாழ்வு காட்டிற்று.

அலோசியஸ் பீரிஸ் அடிகள் வேறு வழியில் நடந்தார். கோகர்லி மறுப்பதற்காகப் பாளி கற்றார். பீரிஸ் மாணவனாகவே பௌத்தம் கற்று அதில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1974இல் களனியில் ‘துலானா’வைத் தொடங்கினார். கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972இல் ‘சத்தியோதய’த்தை நிறுவி, சிங்களரும் தமிழருமாகத் தோட்ட மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பங்கிடப்பட்டு, 2003இன் சட்டம்வரை பலர் நாடற்றவராய் இருந்த மக்கள் இவர்கள். ‘நீ யார்?’ என்று வினாவிடைப் புத்தகம் கேட்டால், இம்மக்கள் எந்த விடையைச் சொல்லியிருக்கவேண்டும்? கஸ்பர்ஸ் அடிகள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்டார். தத்துவத்துக்கும் அவருடைய வேலைக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவரோடு நாம் வாதிடத் தயார்.

இன்றும் படிக்கட்டு இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். பிள்ளை எந்தச் சமயத்திற் பிறந்ததோ அதன் விடைகளை எழுதிப் புள்ளி வாங்குகிறது; அடுத்த மேசையில் இருப்பவனின் சமயத்தைப் பற்றி ஒரு வரியும் அறியவேண்டியதில்லை. உயர்தரத்தில் அளவையியல் வருகிறது. அதுவும் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலையில். நாவுலையைச் சுற்றியுள்ள தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வகுப்பை எட்டுவர்? பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தத்துவத்துறை இருக்கிறது. பகுத்துப் பார்க்கும் கருவி இவ்வாறு பதினாறு வயதுக்குப் பின்னர், சிலருக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தருக்கம் ஏறாது என்பவர்கள் பத்து வயதுப் பிள்ளையோடு பேசிப் பார்த்ததில்லை போலும்.

உபதேசியார் அந்த 2007ஆம் ஆண்டு ஆவணத்தை எங்கோ தேடிப் பெற்று, ஒரு மாதமாக அகராதியோடு அமர்ந்து, சாரத்தைத் தமிழில் நான்கு தாளில் எழுதினார். மறு போயாவன்று அதைக் கிழவியிடம் தாமே வாசித்துக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “ஐயா, இத எழுதினவங்க நல்லா இருக்கணும்,” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்க அப்பாயி இருக்கயில இத யாரும் கேக்கலியா?” என்றார். உபதேசியார் தாள்களை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டார். பேத்தி அவற்றைச் சமயப் பாடக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள்.

அடுத்த போயாவுக்குப் பரபக்கத்தில் உலகாயதர் பகுதியை எடுத்திருக்கிறோம். உலகாயதருக்காகப் பேசுவதற்கு எமது தோழரும், மறுப்பதற்குச் சிங்கள நண்பரும் முன்வந்திருக்கின்றனர். துண்டுக் கடனைப் பற்றிய கிழவியின் கேள்விக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்று மாணவி கேட்டிருக்கிறாள்.